ரியோஹா ரெட் ஒயின்: லேபிள் சொல்றது வயசு... அப்போ ருசி?

ஒரே நிறுவனம், ஒரே திராட்சை, ஒரே ஊர். ஆனா அலமாரியில் மூன்று பாட்டில்கள். ஒன்றில் ‘கிரியான்சா’, அடுத்ததில் ‘ரெசெர்வா’, மூன்றாவதில் ‘கிரான் ரெசெர்வா’ என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றாக நகர நகர விலையும் ஏறுகிறது. வாங்க வந்தவர் என்ன நினைப்பார்? முதலாவது சுமார், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதுதான் டாப். பர்ஸ் இடம் கொடுத்தால் மூன்றாவது. இல்லாவிட்டால் அரை மனசோடு முதலாவது.

ஸ்பெயினின் புகழ்பெற்ற ரெட் ஒயினான ரியோஹாவை உலகம் முழுக்கப் பலரும் இப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் அந்த மூன்று வார்த்தைகளும் ருசியைப் பற்றிப் பேசவே இல்லை. அவை சொல்வது, ஒயின் எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதை மட்டும்தான். காத்திருந்த காலத்தையே தரம் என்று எடுத்துக்கொண்டால் குடிப்பவருக்கும் நஷ்டம், திராட்சை விளைவிக்கும் விவசாயிக்கும் நஷ்டம். எப்படி?

ரியோஹா எங்கே இருக்கு?

வடக்கு ஸ்பெயினில், எப்ரோ ஆற்றின் இரு கரைகளிலும் நீண்டு கிடக்கும் பகுதி ரியோஹா. வடக்கே கான்டாப்ரியா மலைத்தொடர், அட்லாண்டிக் பெருங்கடலின் குளிர்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. மேற்கே இருக்கும் ரியோஹா ஆல்ட்டா, ஆற்றின் வடகரையில் பாஸ்க் பகுதிக்குள் வரும் ரியோஹா அலவேசா, கிழக்கே வெயில் அதிகமுள்ள ரியோஹா ஓரியென்டல் என்று மூன்று உட்பிரிவுகள். மொத்தம் சுமார் 65,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம்.

முக்கிய திராட்சை டெம்ப்ரனியோ. ஸ்பானிய மொழியில் ‘டெம்ப்ரானோ’ என்றால் சீக்கிரம் என்று அர்த்தம். மற்ற ரகங்களுக்கு முன்பே பழுத்துவிடுவதால் இந்தப் பெயர். கூடவே பழச்சுவைக்கும் சூட்டுக்கும் கார்னாச்சா, மணத்துக்கும் புளிப்புக்கும் கிராசியானோ, துவர்ப்புக்கு மசுவெலோ என்று சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள்.

அந்த மூணு வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

சட்டப்படி கணக்கு இதுதான். ரெட் ஒயின் கிரியான்சா ஆக, குறைந்தது 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; அதில் 1 ஆண்டு ஓக் மரப் பீப்பாயில். ரெசெர்வாவுக்கு 3 ஆண்டுகள். பீப்பாயில் 1 ஆண்டு, பாட்டிலில் 6 மாதம். கிரான் ரெசெர்வாவுக்கு 5 ஆண்டுகள்; பீப்பாயில் 2, பாட்டிலில் 2. பாட்டிலின் பின்பக்கம் இருக்கும் சின்ன முத்திரைச் சீட்டின் நிறத்தைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம். கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்கு அடர்சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம்.

இதில் ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. கிரியான்சாவுக்கும் ரெசெர்வாவுக்கும் பீப்பாயில் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம் ஒன்றுதான், 12 மாதம். பல நிறுவனங்கள் நல்ல திராட்சையைத் தேர்ந்தெடுத்துத்தான் ரெசெர்வா செய்கின்றன, அது உண்மை. ஆனால் இந்த வகைப் பெயரைத் தருவது மாதக் கணக்குதானே தவிர, எந்தத் தோட்டத்துத் திராட்சை, கொடிக்கு எத்தனை வயசு என்பதல்ல.

நான்காவதாக ஒரு பச்சை முத்திரையும் உண்டு. பீப்பாய் பார்க்காத இளம் ஒயின்களுக்கு அதுதான். ஆனா ‘இந்த வயசுக் கணக்கே எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒதுங்கிய தயாரிப்பாளர்களின் விலை உயர்ந்த ஒயின்களும் அதே பச்சையில்தான் வருகின்றன. அதாவது, பச்சை என்றால் மட்டம், நீலம் என்றால் உசத்தி என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

பீப்பாய் எப்படி உள்ளே வந்துச்சு?

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லபாஸ்டிடா என்ற ரியோஹா ஊரைச் சேர்ந்த மனுவேல் கின்டானோ என்ற பாதிரியார், பிரான்ஸின் போர்தோ முறையைக் கற்றுவந்து பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்திய ஒயினைச் செய்து பார்த்தார். ஒயின் நன்றாக வந்தது. ஆனால் ஊர்க் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. ஊரில் எல்லா ஒயினும் ஒரே விலைக்குத்தான் விற்க வேண்டும். பீப்பாய்க்கு ஆன செலவுக்குக் கூடுதல் விலை கேட்க முடியாது. முயற்சி அங்கேயே படுத்துவிட்டது.

19-ஆம் நூற்றாண்டில் காட்சி மாறியது. பிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழிக்க, போர்தோ வியாபாரிகள் சரக்கு தேடி ரியோஹாவுக்கு வந்தார்கள். அவர்களோடு 225 லிட்டர் பீப்பாயும் வந்தது. ஆரோ என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தைச் சுற்றி லோபெஸ் டெ எரேதியா (1877), குனே (1879), லா ரியோஹா ஆல்ட்டா (1890) போன்ற நிறுவனங்கள் எழுந்தன. சரக்கை ரயிலில் ஏற்ற வசதியாக இருக்கும் என்பதுதான் காரணம். இன்றும் அவை அங்கேயே இருக்கின்றன.

பிரெஞ்சு ஓக் மரத்தைவிட அமெரிக்க ஓக் மரம்தான் ஸ்பெயினுக்குச் சல்லிசாகக் கிடைத்தது. ரியோஹாவின் அடையாளமான வனிலா, தேங்காய் வாசனைகள் வந்தது அந்த மரத்திலிருந்துதான். சிம்பிளா சொன்னா, ‘பாரம்பரிய ருசி’ என்று இன்று போற்றப்படுவதற்குப் பின்னால் ஒரு பூச்சியும், ஒரு ரயில் பாதையும், மரத்தின் விலையும் இருக்கின்றன.

சரி, ருசி பார்க்கிறது எப்படி?

ஒயின் ருசிப்பது என்றாலே டை கட்டிய ஒருவர் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றிப் புரியாத வார்த்தைகளைச் சொல்லும் காட்சிதான் நினைவுக்கு வரும். உண்மையில் வேலை மூன்றுதான்: பார்க்கணும், முகரணும், வாயில் வைக்கணும்.

முதலில் நிறம். கோப்பையை வெள்ளைத் துணிக்கு மேல் லேசாகச் சாய்த்தால் ஒயினின் விளிம்பு தெரியும். இளம் ஒயினில் விளிம்பு நாவல்பழ ஊதா. வயசாக ஆக மாதுளைச் சிவப்பு. இன்னும் போனால் செங்கல், ஓடு நிறம். லேபிளை மறைத்துவிட்டாலும் வயசை ஓரளவு ஊகிக்க இதுவே போதும்.

அடுத்து மணம். டெம்ப்ரனியோவின் சொந்த மணம் செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, பிளம் பழங்கள். பீப்பாய் சேர்ப்பது வனிலா, கிராம்பு, தேங்காய். நெடுங்காலம் பாட்டிலில் கிடந்தால் வருவது தோல், புகையிலை, காய்ந்த இலை. மூன்று அடுக்குகளும் பிரித்தறியும்படி இருந்தால் நல்ல அறிகுறி. வனிலா மட்டும்தான் வருகிறது, பழத்தையே காணோம் என்றால் மரம் திராட்சையை விழுங்கிவிட்டது என்று அர்த்தம். விலை எவ்வளவாக இருந்தாலும் சரி.

கடைசியாக வாய். இங்கே தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ரெட் ஒயினைப் புரிந்துகொள்ள மிக முக்கியமான சொல் ‘டானின்’. அது தரும் உணர்வை ஆங்கிலத்தில் விளக்க ஒரு வாக்கியமே தேவைப்படும். தமிழில் அறுசுவையிலேயே அது இருக்கிறது: துவர்ப்பு. பாக்கு மென்றால், வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால், டிகாஷனை அதிகம் கொதிக்கவிட்டால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்குமே, அதேதான். எச்சிலில் இருக்கும் புரதங்களோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு குறைந்துபோகிறது.

துவர்ப்போடு புளிப்பையும் பார்க்க வேண்டும். விழுங்கியபின் கன்னத்தின் உட்பக்கம் எச்சில் ஊறினால் புளிப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். தொண்டையில் சூடு ஏறினால் அது ஆல்கஹால். ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் கவனித்தால் வேலை முடிந்தது. ஒயினைத் தொழிலாக ருசிப்பவர்கள் பெரும்பாலும் விழுங்குவதில்லை, துப்பிவிடுவார்கள். ருசி பார்க்கக் குடிக்கணும் என்ற கட்டாயம் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், சூடு. ‘ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்’ என்ற விதி, குளிர்ந்த கல்வீடுகளில் வாழ்ந்த ஐரோப்பியர்களுடையது. இளம் ரியோஹாவுக்கு 12 முதல் 14 டிகிரி செல்சியஸ், ரெசெர்வாவுக்கு 16 முதல் 18 டிகிரி சரியாக இருக்கும். 30 டிகிரி அறையில் எந்த ரெட் ஒயினும் வெறும் ஆல்கஹாலாகத்தான் தெரியும்.

தட்டில் என்ன இருக்குங்கிறதுதான் மேட்டர்

ரியோஹாவின் தலைநகரம் லோக்ரோன்யோ. அங்கே லௌரெல் தெரு என்று ஒரு சின்னத் தெரு. இருபுறமும் நெருக்கியடித்த மதுக்கூடங்கள். ஒரு கடையில் பூண்டு எண்ணெயில் வாட்டிய காளானை ரொட்டியில் குத்தி, மேலே ஓர் இறாலை வைத்துத் தருவார்கள். மக்கள் நின்றபடி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்வார்கள். கையில் இருக்கும் கோப்பையில் பெரும்பாலும் அந்த வருஷத்து இளம் ஒயின் அல்லது ஒரு கிரியான்சா. உள்ளூர்க்காரர்களின் அன்றாட ஒயின் இதுதான். இது சிக்கனத்தால் மட்டும் வந்த பழக்கம் இல்லை. அந்தச் சாப்பாட்டுக்கு அதுதான் பொருந்துகிறது.

உதாரணத்துக்கு ‘ரியோஹா உருளைக்கிழங்கு’. உருளைக்கிழங்கைக் கத்தியால் முழுசாக வெட்டாமல், பாதி வெட்டிப் பிய்த்துப் போடுவார்கள். மாவுச்சத்து இறங்கிக் குழம்பு கெட்டியாகும். கூடவே சோரிசோ என்ற பன்றி இறைச்சி சாசேஜ், காய்ந்த சிவப்பு மிளகாயின் சதை, பூண்டு. கொழுப்பும் பூண்டும் தூக்கலாக இருக்கும் இந்தக் குழம்புக்குப் பழச்சுவையும் புளிப்பும் உள்ள இளம் ஒயின் அட்டகாசமாகப் பொருந்தும். ரியோஹா அலவேசாவில் திராட்சைக் குலைகளை நசுக்காமல் முழுசாகவே நொதிக்கவிட்டு எடுக்கும் ‘கோசெச்செரோ’ ஒயின் இதற்கென்றே பிறந்தது மாதிரி இருக்கும்.

இதே குழம்போடு ஒரு கிரான் ரெசெர்வாவைத் திறந்தால்? ஐந்து வருஷம் காத்திருந்து வந்த அந்தக் காய்ந்த இலை, தோல், புகையிலை மணங்களை எல்லாம் பூண்டும் மிளகாயும் மூடிவிடும். கூடுதல் பணம் கொடுத்தது எதற்காகவோ, அதுதான் முதலில் காணாமல் போகும்.

கிரியான்சாவுக்கான இடம் ஆட்டுக்குட்டி விலாத் துண்டுகள். குளிர்காலத்தில் கவாத்து செய்து வெட்டிய திராட்சைக் கொடிக் குச்சிகளைக் கட்டிவைத்து, அதை எரித்துத் தணல் ஆக்கி, அதில் சில நிமிஷங்களே சுட்டெடுப்பார்கள். சேர்ப்பது உப்பு மட்டும். கொழுப்பும் புரதமும் உப்பும் ஒயினின் துவர்ப்பை இளக்குகின்றன. ஒயினின் புளிப்பு வாயில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடுகிறது. அடுத்த கடி மறுபடியும் முதல் கடி மாதிரியே இருக்கும். சாப்பாட்டுக்கு ஒயினைப் பொருத்துவதன் மொத்த அறிவியலும் ஏறத்தாழ இவ்வளவுதான்.

ரெசெர்வாவுக்கு அடுப்பில் மெதுவாக வெந்த ஆட்டுக்கறி, நன்றாக முற்றிய செம்மறிப் பால் சீஸ். கிரான் ரெசெர்வாவுக்குக் காளான், மெதுவாக வேகவைத்த காட்டுப் பறவை இறைச்சி போன்று மசாலா அதிகம் பேசாத சாப்பாடு. வயசான ஒயினில் துவர்ப்பு அடங்கியிருக்கும். அதற்கு அமைதியான தட்டுதான் தேவை.

எங்கே சொதப்பும்?

எண்ணெய்ச் சத்துள்ள மீனோடு ரெட் ஒயின் குடித்தால் வாயில் ஒரு கவிச்சி தங்கும். ஒயினில் உள்ள இரும்புச்சத்துதான் இதற்குக் காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் தக்காளியும் மிளகாயும் சேர்த்துச் சமைத்த உப்புக்காடு மீன் ரியோஹாவின் பாரம்பரிய உணவு. அது கொழுப்பு குறைந்த காட் மீன் என்பதால் இளம் ரெட் ஒயினோடு ஒத்துப்போகிறது. ‘மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு’ என்ற விதிக்கும் விலக்கு உண்டு.

காரம் இன்னொரு சிக்கல். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் காரமான சாப்பாட்டோடு ஆல்கஹாலும் துவர்ப்பும் அதிகமுள்ள ஒயினைக் குடித்தால் எரிச்சல் கூடும். இங்கேயும் விலை உயர்ந்த பாட்டில் கைகொடுக்காது. துவர்ப்பு குறைந்த, லேசாகக் குளிரவைத்த இளம் ஒயின்தான் கொஞ்சமாவது சமாளிக்கும்.

இதில் விவசாயி எங்கே வர்றார்?

இது வெறும் சாப்பாட்டு மேசை விவகாரம் இல்லை. ரியோஹாவில் திராட்சை விளைவிப்பவர்கள் பல ஆயிரம் பேர். அதை வாங்கி ஒயினாக்கி விற்கும் நிறுவனங்கள் சில நூறு. ஒரு பாட்டில் ஒயினுக்கு 1 கிலோவுக்குச் சற்று அதிகமான திராட்சை போதும். அது கிரியான்சாவோ கிரான் ரெசெர்வாவோ, திராட்சையின் எடை அதேதான். பாட்டிலின் மதிப்பு பீப்பாயில் கழித்த மாதங்களால் ஏறுகிறது என்றால், அந்த மதிப்பு உருவாகும் இடம் நிறுவனத்தின் நிலவறை. மலைச்சரிவில் பழங்கொடியைப் பராமரித்துக் குறைவாக, ஆனால் அடர்த்தியான திராட்சை எடுக்கும் விவசாயியின் ஊர்ப் பெயருக்கோ தோட்டத்துக்கோ அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இந்தக் கோபம் 2015-இன் இறுதியில் வெடித்தது. லகுவார்டியா ஊரின் புகழ்பெற்ற ஆர்டாடி நிறுவனம், ‘ரியோஹா’ என்ற பெயரே வேண்டாம் என்று கட்டுப்பாட்டு வாரியத்தை விட்டு வெளியேறியது. மண்ணுக்கும் தோட்டத்துக்கும் அங்கீகாரம் இல்லை என்பதுதான் அதன் குறை. வாரியம் 2017-இல் இறங்கிவந்து ‘தனித்துவத் தோட்டம்’ என்ற புதிய வகையை அறிமுகப்படுத்தியது. கொடிகளுக்குக் குறைந்தது 35 வயசு, கையால் மட்டுமே அறுவடை, ஹெக்டேருக்கு அதிகபட்சம் 5,000 கிலோ. மற்ற சிவப்புத் திராட்சைக்கு அனுமதி 6,500 கிலோ. லேபிளில் ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போடவும் வழி திறந்தது.

ஆனாலும் நிலைமை முழுசாக மாறவில்லை. ரெட் ஒயின் குடிப்பது பல நாடுகளில் குறைந்துவர, ரியோஹாவில் சரக்கு தேங்கியது. 2023-இல் ‘பச்சை அறுவடை’க்கு அரசு உதவித்தொகை தரப்பட்டது. அதாவது, பழுக்கும் முன்பே குலைகளை வெட்டித் தோட்டத்திலேயே தள்ளிவிட வேண்டும், அதற்குப் பணம். விளைந்ததை விற்றுப் பிழைக்கிற விவசாயி, விளைவிக்காமல் இருப்பதற்குக் காசு வாங்கும் நிலை.

அப்போ வயசுக் கணக்கே வேண்டாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. இந்த முறையால் நன்மை உண்டு. அமெரிக்காவில் ‘ரிசர்வ்’ என்று எந்த ஒயினிலும் அச்சடிக்கலாம். அந்தச் சொல்லுக்கு அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் வரையறை கிடையாது. ரியோஹாவில் அந்த வார்த்தைக்கு மாதக் கணக்கும், சோதிக்க ஒரு வாரியமும் இருக்கின்றன. குடிக்கத் தயாரான ஒயினை, வருஷக்கணக்கில் முதலீட்டை முடக்கி, சேமிப்புச் செலவையும் ஏற்று விற்பது சின்ன விஷயம் இல்லை. சில பழைய நிறுவனங்களின் கிரான் ரெசெர்வா உலகின் அருமையான ஒயின்களில் ஒன்று என்பதிலும் சந்தேகமில்லை.

பிரச்சினை, அந்தத் தகவலை மார்க் ஷீட் மாதிரி படிப்பதில்தான். கிரியான்சா பாஸ், ரெசெர்வா ஃபர்ஸ்ட் கிளாஸ், கிரான் ரெசெர்வா கோல்டு மெடல் என்று அந்த வார்த்தைகள் எங்கும் சொல்லவில்லை. மோர்க்குழம்பைவிட வத்தக்குழம்பு உசத்தி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது வேறு, இது வேறு. இந்த மூன்றும் அப்படித்தான்.

ஒரு முக்கியமான குறிப்பு

‘ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்ற பேச்சை நம்பி யாரும் கோப்பையைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. மதுவைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகச் சொன்ன நிலைப்பாடு. புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் மதுபானமும் இருக்கிறது. ஒயினும் மதுதான். குடிக்காதவர் தொடங்க ஒரு காரணமும் இல்லை. குடிப்பவர் குறைவாகக் குடிப்பதுதான் நல்லது. குறைவாகக் குடிக்கும்போது, எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்திருப்பது இன்னும் அவசியம்.

வாங்கும்போது என்ன கேட்கலாம்?

இரண்டே கேள்விகள் போதும். முதலாவது, இன்னைக்குச் சாப்பாடு என்ன? பூண்டு, மிளகாய், தக்காளி என்றால் இளம் ஒயின். சுட்ட கறி என்றால் கிரியான்சா. நீளமான, அமைதியான விருந்து என்றால்தான் ரெசெர்வாவும் கிரான் ரெசெர்வாவும். இரண்டாவது, இது எந்த ஊர், எந்தத் தோட்டத்துத் திராட்சை? லேபிளில் அதற்குப் பதில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்கலாம். அவருக்கும் தெரியாமல் போகலாம். ஆனால் வாங்குபவர்கள் தொடர்ந்து கேட்டால்தான், பீப்பாய்க்குக் கிடைக்கும் மரியாதையில் கொஞ்சமாவது கொடியை வளர்த்தவருக்கும் போய்ச்சேரும்.